பெற்றோரால் பட்ட காயம்: அடையாளம் காண்பது முதல் ஆறுவது வரை, வரிசைப்படி

வளர்ந்து ஆளாகி, சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும், வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தால் வயிற்றில் ஏதோ இறுகுவதை உணர்பவர்களுக்காக இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். இந்தப் பாதையில் நான் தட்டுத்தடுமாறி நடந்தவன். இப்போது சில ஆண்டுகளாக, மாதம் இருமுறை கூடும் ஒரு சிறு குழுவில், இதே பாதைக்குப் புதிதாக வருபவர்களுடன் அமர்ந்து வருகிறேன்.

அப்படி வருபவர்களில் பெரும்பாலோர், கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு வந்திருப்பார்கள். எங்கோ ஒரு காணொளியைப் பார்த்த அன்றிரவே பெற்றோரை உட்காரவைத்து, "எனக்கு என்ன செய்தீர்கள் தெரியுமா?" என்று கேட்டிருப்பார்கள். அம்மா அழுவார், அப்பா எழுந்து வெளியே போவார், மறுநாள் காலை பெரியப்பா தொலைபேசியில் வருவார், ஒரு வாரத்துக்குள் பிள்ளையே மன்னிப்புக் கேட்டு, முன்பைவிட ஆழமாகப் பழைய இடத்திலேயே புதைந்திருப்பார். ஆகவே கீழே உள்ள படிகளை விட அவற்றின் வரிசையே முக்கியம் என்று கொள்ளுங்கள்.

"நச்சுப் பெற்றோர்" என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்தப் போவதில்லை. அது மனிதர்களுக்கு ஒட்டும் முத்திரை. நமக்குத் தேவை நடந்தது என்ன, அது நம்மிடம் விட்டுச்சென்றது என்ன என்ற கணக்கு.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

வீட்டில் வேறு யாரும் திறக்காத ஒரு நோட்டு. அதற்கு வாய்ப்பில்லையென்றால், கடவுச்சொல் இட்ட ஒரு கோப்பு. நாள்தோறும் இருபது நிமிடத் தனிமை; அது மொட்டைமாடியாகவோ, பேருந்தின் சன்னலோர இருக்கையாகவோ இருக்கலாம். இவற்றோடு, குறைந்தது மூன்று மாதங்களுக்குப் பெற்றோரிடம் இதைப் பற்றி எதுவும் பேசுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே தரும் உறுதி. மூன்றாவதுதான் கடினம். ஆனால் அதுவே மற்ற இரண்டையும் காப்பாற்றுகிறது.

1. இன்னும் நடக்கிறதா, முடிந்துவிட்டதா என்று முதலில் பிரியுங்கள்

ஆறாத புண்ணுக்கும் இன்னும் குத்திக்கொண்டிருக்கும் முள்ளுக்கும் மருத்துவம் வேறு. இப்போதும் அடி விழுகிறது, பூட்டிவைக்கிறார்கள், பாலியல் அத்துமீறல் நடக்கிறது என்றால், நோட்டையும் சிந்தனையையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் உதவியை அழைக்க வேண்டும். அபாயத்துக்கு நடுவே இருப்பவரிடம் பழையதைக் கிளறச் சொல்வது தவறு. அவருடைய மனம் அப்போது உயிர் தப்புவதில் மட்டுமே முனைந்திருக்கும், முனைந்திருக்கவும் வேண்டும்.

இந்தியாவில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 1098, பெண்களுக்கு 181, உடனடி ஆபத்துக்கு 112. இலங்கையில் சிறுவர்களுக்கு 1929. இந்தியாவின் சிறார் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவு, குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்யும் கொடுமையைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. பெற்றோர் என்பதற்காக யாருக்கும் அதில் விலக்குக் கிடையாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்கு மட்டுமானது என்று பலரும் நினைக்கிறார்கள். இரத்த உறவால் ஒரே வீட்டில் வாழும் மகளும் அதன்கீழ் பாதுகாப்புக் கோரலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துபோகிறது என்றாலும் இதே விதிதான்: அடுத்த படிக்குப் போகாதீர்கள். இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926.

2. நிகழ்ச்சியை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள்

நோட்டை எடுத்தவுடன் எல்லோரும் எழுதும் முதல் வரி, "என் அப்பா ஒரு சுயநலவாதி" என்பது போன்ற ஒன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த வரியில் குற்றவுணர்ச்சி வந்து, "ஆனால் எனக்காக எவ்வளவோ கஷ்டப்பட்டார்" என்று எழுதி, நோட்டை மூடிவிடுகிறார்கள். தீர்ப்பு எழுதினால் மனம் உடனே எதிர்வாதம் செய்யும். நடந்ததை மட்டும் எழுதினால் எதிர்வாதத்துக்கு அங்கே இடமில்லை.

மூன்றே செய்திகள் போதும்: என்ன கேட்டேன் அல்லது பார்த்தேன், நான் என்ன செய்தேன், உடலில் என்ன நடந்தது. எங்கள் குழுவில் ஒருவர் தம் நோட்டிலிருந்து வாசித்த ஒரு பதிவு ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ஞாயிறு இரவு 8.10. அம்மா அழைத்தார். வீட்டு வாடகை கூடியதைச் சொன்னேன். 'உன் தங்கச்சியும் அதே ஊர்லதான இருக்கா, அவ சமாளிக்கலையா' என்றார். ஆமாம் என்றேன். அழைப்பு முடிந்த பிறகு தாடை வலித்தது. கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினேன்."

இதில் அம்மா நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே இல்லை. ஆனால் இப்படிப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்தபோது, பன்னிரண்டில் ஒன்பதில் தங்கை வந்திருப்பதையும், ஒன்பதிலும் தாம் "ஆமாம்" என்றே சொல்லியிருப்பதையும் அவரே எண்ணிச் சொன்னார்.

நான்கு வாரம் இப்படி எழுதுங்கள். பழைய நினைவு தானாக வந்தால் அதையும் இதே அளவில், இதே மூன்று செய்திகளோடு எழுதலாம். வலிந்து தோண்ட வேண்டாம்; அதற்கான பயிற்சி ஐந்தாவது படியில்தான் வருகிறது.

3. கண்டிப்பு எது, காயம் எது?

பலரும் தடுக்கி விழும் இடம் இது. அடியும் திட்டும் நம் தெருவில் எல்லா வீட்டிலும் இருந்தன. "அடியாத மாடு படியாது" என்று ஆசிரியரிடமே சொல்லி ஒப்படைத்தார்கள். அப்படியிருக்க எனக்கு நடந்தது மட்டும் எப்படித் தீங்காகும் என்ற கேள்வி எழும். எல்லோருக்கும் நடந்தது என்பதால் அது யாருக்கும் வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. அதே நேரம், பெற்றோர் சொன்ன ஒவ்வொரு "கூடாது"ம் கொடுமையாகிவிடாது. எனவே உங்கள் பதிவுகளை நான்கு கேள்விகளால் சலித்துப் பாருங்கள்.

முதலாவது, அது ஒருமுறை நடந்ததா, திரும்பத் திரும்ப நடந்ததா. இரண்டாவது, செய்த தவறுக்கும் கிடைத்த தண்டனைக்கும் ஏதேனும் பொருத்தம் இருந்ததா. டம்ளர் கைதவறி விழுந்ததற்கு ஒன்பது நாள் பேசாமல் இருந்த அம்மாவின் கண்டிப்பு டம்ளரைப் பற்றியதாக இருக்க முடியாது. மூன்றாவது, எப்போது வெடிக்கும் என்று உங்களால் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததா. கண்டிப்பான வீட்டில் விதி தெரியும். அதற்கு உட்பட்டு நடந்தால் நிம்மதியாக இருக்கலாம். தீங்கான வீட்டில் விதி அன்றாடம் மாறும். அப்பா வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணிக்கக் கற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் தொலைக்காட்சி அணையும், ஆளாளுக்கு ஒரு புத்தகம் விரியும்.

நான்காவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை தருவேன்: கோபம் தணிந்த பிறகு யாராவது வந்து உறவைச் சரிசெய்தார்களா? கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் 1970களிலிருந்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு ட்ரோனிக் காட்டியது இதைத்தான்: மிக நல்ல உறவிலும் இழை அடிக்கடி அறுகிறது, அறுந்தது மறுபடி முடியப்படுவதால்தான் குழந்தை தேறுகிறது. நம் வீடுகளில் அப்பாக்கள் மன்னிப்புக் கேட்பதில்லை, பரோட்டா வாங்கி வருவார்கள். அதையும் ஒரு முடிச்சாக நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் பொட்டலம் வந்த இரவிலும் "நீ செய்ததால்தானே கை நீட்டினேன்" என்ற பேச்சும் கூடவே வந்திருந்தால், இழை முடியப்படவில்லை.

அடியில்லாத தீங்கு கண்ணில் எளிதில் படாது. பத்து வயதுப் பெண்ணிடம் அம்மா தம் தாம்பத்தியக் குறைகளைக் கொட்டுவது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையே சேதி சொல்லும் தூதனாகப் பிள்ளையை வைப்பது. ஒரு பிள்ளையை உச்சியிலும் மற்றொன்றைக் காலடியிலும் வைப்பது. உடல்நிறத்தையும் எடையையும் விருந்தாளிகள் முன் பேசுவது. "உன்னால்தான் எனக்கு இந்த நோய்" என்பது. "செத்துப்போய்விடுவேன்" என்று ஒவ்வொரு முடிவின் முன்பும் மிரட்டுவது. இவற்றில் பல, அன்பு என்ற பெயரிலேயே வந்திருக்கும். உங்கள் பதிவில் எது அடிக்கடி வருகிறதோ அதன் ஓரத்தில் ஒரு குறி மட்டும் இடுங்கள்.

பொதுவான பிழை: பிள்ளைப்பருவத் துன்பங்களை எண்ணிக் கூட்டும், இணையத்தில் கிடைக்கும் மதிப்பெண் சோதனைகளில் இறங்குவது. அமெரிக்க மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 17,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி, 1998இல் முதல் முடிவுகளை வெளியிட்ட ஆய்விலிருந்து அவற்றில் பல பிறந்தன. பிள்ளைப்பருவத் துன்பங்களின் எண்ணிக்கை கூடக் கூட, பிற்கால மனச்சோர்வும் இதய நோயும் கூடுவதை அந்த ஆய்வு மக்கள்தொகை அளவில் காட்டியது. ஆனால் அந்த மதிப்பெண்ணைத் தனியொருவரின் நிலையைக் கணிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டாவே 2020இல் எழுதினார். குறைந்த மதிப்பெண் வந்ததால் "எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை போலும்" என்று திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

4. அதன் தடத்தை இன்றைய நாளில் தேடுங்கள்

கடந்த காலத்தை மாற்ற முடியாது. அது இன்று உங்கள் கையில் விட்டுச்சென்ற பழக்கத்தை மாற்றலாம். ஆகவே குறியிட்ட பதிவுகளுக்கு எதிர்ப்பக்கத்தில், இப்போதைய வாழ்வில் அதற்கு இணையாக என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். மேலாளர் "கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றால் கை சில்லிடுகிறதா? மனைவியோ கணவரோ சிறிது நேரம் பேசாமல் இருந்தால் செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறீர்களா? யாராவது பாராட்டினால் அடுத்து ஒரு வேலை வரப்போகிறது என்று காத்திருக்கிறீர்களா?

இவை உங்கள் குணக்கேடுகள் என்று எழுதிவிடாதீர்கள். ஏழு வயதில் அந்த வீட்டில் பிழைப்பதற்குத் தேவைப்பட்ட திறமைகள்தான் இவை. வண்டிச் சத்தத்தைக் கணித்த காது இன்று அலுவலகத்தில் ஒவ்வொருவர் முகத்தையும் கணித்துக் களைத்துப்போகிறது. அன்று எதற்கு உதவியது என்று தெரிந்தால்தான் இன்று எங்கே அது தேவையில்லை என்று சொல்ல முடியும்.

5. பழைய நினைவைத் திறக்கும் முன் உடலை நிலைநிறுத்தப் பழகுங்கள்

அதிர்ச்சியிலிருந்து மீளும் பணியை மூன்று கட்டங்களாக வகுத்தவர் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன். பாதுகாப்பு முதலில், நினைவுகூர்தலும் துக்கமும் பிறகு, வாழ்வோடு மறுபடி இணைவது அதற்கும் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை நான் என்னிடமே பார்த்தேன். ஒரே இரவில் எட்டுப் பக்கம் எழுதிவிட்டு, அடுத்த நான்கு நாள் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தேன்.

பயிற்சி எளியது. நாற்காலியில் அமர்ந்து இரு பாதங்களையும் தரையில் பதித்து, தரை குளிர்ச்சியா சூடா என்று கவனியுங்கள். மூச்சை நான்கு எண்ணிக்கையில் இழுத்து ஆறு எண்ணிக்கையில் விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். அறையில் உள்ள ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். பதற்றம் மிகுந்தால் முகத்தில் குளிர்ந்த நீரை அடித்துக்கொள்ளுங்கள். மனம் அமைதியாக இருக்கும் நாள்களில் இதைப் பழகினால்தான், கொந்தளிக்கும் நாளில் கைகொடுக்கும்.

இரண்டு வாரம் பழகிய பிறகு, குறியிட்டவற்றில் மிகக் கனமானதை விட்டுவிட்டு, நடுத்தரமான ஒன்றை எடுத்து எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்கு 15 நிமிடம் மட்டுமே எழுதினார்கள். அந்த எல்லை நல்ல எல்லை. அலாரம் வைத்து எழுதுங்கள். அடித்ததும் பாதி வாக்கியத்தில் ஆனாலும் நிறுத்துங்கள். படுக்கைக்குப் போகும் முன் எழுதாதீர்கள். எழுதி முடித்ததும் துணி மடிப்பது, கடைக்குப் போவது போல, கைக்கு ஒரு வேலை இருக்கட்டும்.

எழுதும்போது உடல் மரத்துப்போவது, நேரம் போனது தெரியாமல் இருப்பது, நடந்தது இப்போதே நடப்பதுபோல் தோன்றுவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் தனியாகத் தொடராதீர்கள். அது அடுத்த படிக்கு உடனே போக வேண்டும் என்பதற்கான அடையாளம்.

6. ஒரு சாட்சியைத் தேர்ந்தெடுங்கள்

தனிமையில் பட்ட காயம் தனிமையிலேயே முழுதாக ஆறுவதில்லை. "ஆமாம், அது நடந்தது" என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

உறவினரை முதல் சாட்சியாக்காதீர்கள். எவ்வளவு பாசமான சித்தியாக இருந்தாலும், அவர் உங்கள் அம்மாவின் தங்கை. சொன்னது இரண்டு நாளில் வீடு சேரும். அண்ணனிடமோ அக்காவிடமோ ஒப்புதல் எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தில் முடியலாம். ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிடைத்த பெற்றோர் வேறு வேறு. கையில் இருந்த பணமும், வயதும், கோபமும் வேறு. "எனக்கு அப்படியெல்லாம் இல்லையே" என்று அக்கா சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை.

நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம், "எனக்கு அறிவுரை வேண்டாம், இருபது நிமிடம் கேட்டால் போதும்" என்று முதலிலேயே கேட்டுப் பெறுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் நிபுணரிடம் போக வேண்டும். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவர், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தனியாரிடம் பணம் கட்ட முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, மாவட்ட மனநலத் திட்ட முகாமுக்கோ போகலாம்.

முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பிள்ளைப்பருவ வன்முறைக்கு ஆளானவர்களுடன் பணியாற்றியிருக்கிறீர்களா? நான் சொல்வதை என் குடும்பத்தாரிடம் சொல்வீர்களா? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுபவரின் இரகசியம் காக்கப்படும் உரிமையைச் சட்டமாகவே தந்திருக்கிறது. உயிராபத்து போன்ற விதிவிலக்குகள் எவை என்பதை அவரே விளக்க வேண்டும். "பெற்றவர்கள்தானே, விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்று முதல் அரை மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். அதனால் சிகிச்சையே வீண் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். செருப்புக்கடையில்கூட முதல் ஜோடியே பொருந்துவதில்லை.

7. எல்லை வகுக்கும் முன் காகிதங்களையும் பணத்தையும் சரிசெய்யுங்கள்

இந்தப் படியை வழிகாட்டிகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நம் ஊரில், எதை ஏற்பேன், எதை ஏற்கமாட்டேன் என்று பெற்றோரிடம் எல்லை வகுத்த பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் பதிலடி சான்றிதழ், வங்கிக் கணக்கு, சொத்து ஆகியவற்றின் வழியாகவே வரும். அதற்குத் தயாராக இல்லாதவர் முதல் மிரட்டலிலேயே பின்வாங்குவார். பின்வாங்கினால் அடுத்த முறை எல்லை இடுவது இருமடங்கு கடினமாகும்.

கல்விச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவை யாருடைய பீரோவில் இருக்கின்றன என்று பாருங்கள். மூலத்தை எடுத்துவர முடியாவிட்டால் நகலாவது எடுத்து, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் கிடைப்பவற்றைச் சேமியுங்கள். ஆதாரோடு இணைந்திருப்பது உங்கள் எண்ணா, அப்பாவின் எண்ணா என்று சரிபாருங்கள்; எல்லா ஒருமுறைக் கடவுச்சொற்களும் (OTP) அவருடைய அலைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கக்கூடும். சம்பளம் கூட்டுக் கணக்கில் விழுகிறது என்றால், உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் தொடங்குங்கள். மூன்று மாதச் செலவுக்கான தொகை அதில் சேரும்வரை பெரிய எல்லை எதையும் அறிவிக்க வேண்டாம்.

"சொத்தில் சல்லிக்காசு கிடையாது" என்ற மிரட்டலையும் அமைதியாகப் பிரித்துப் பாருங்கள். தந்தை தாமே சம்பாதித்த சொத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து வேறு: அதில் பிறப்பாலேயே பங்கு உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகளுக்கும் மகனுக்கு நிகராக உண்டு. உங்கள் வீட்டுச் சொத்து எந்த வகை என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், மிரட்டல் அதன் உண்மையான அளவுக்குச் சுருங்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். எனவே விலகி வாழ்ந்தாலும், தேவைப்படும் பெற்றோருக்கு ஒரு தொகையை மாதந்தோறும் ஒரே தேதியில் வங்கி வழியாக அனுப்பிவிடுவது சட்டத்துக்கும் நல்லது, உங்கள் உறக்கத்துக்கும் நல்லது. அலைபேசியின் கடவுச்சொல்லையோ திருமண முடிவையோ பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

8. சிறிய எல்லை ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

எல்லை என்பது அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை ஆகாது. இப்படி நடந்தால் நான் இப்படிச் செய்வேன் என்ற அறிவிப்பு. "இனிமேல் தங்கையோடு ஒப்பிடாதீர்கள்" என்றால் அது நிறைவேறுவது அம்மாவின் கையில் இருக்கிறது. "அந்தப் பேச்சு வந்தால் நான் அழைப்பை முடித்துவிடுவேன், புதன்கிழமை மறுபடி பேசுகிறேன்" என்றால் அது உங்கள் கையில் இருக்கிறது.

முதல் எல்லை, தோற்றாலும் பெரிய நட்டமில்லாத ஒன்றாக இருக்கட்டும். இரண்டாம் படியில் ஞாயிறு அழைப்புகளைப் பதிவுசெய்த அந்தக் குழு நண்பர் தேர்ந்தெடுத்தது இவ்வளவுதான்: ஞாயிறு அழைப்பு இருபது நிமிடம். பத்தொன்பதாவது நிமிடத்தில், "சரிம்மா, அடுப்புல பால் வச்சிருக்கேன், புதன்கிழமை பேசுறேன்" என்று வைத்துவிடுவார். அடுப்பில் பால் உண்மையிலேயே இருந்தது. பொய் சொன்ன குற்றவுணர்ச்சி சேரக் கூடாது என்பதற்காக, அழைப்பை எடுக்கும் முன்பே பாலை மிகச் சிறிய தணலில் வைத்துவிடுவாராம். மூன்றாம் வாரம், "இப்பல்லாம் உனக்கு அம்மா பாரமாப் போயிட்டேன்ல" என்று வந்தது. விளக்கம் சொல்லாமல், "புதன்கிழமை பேசுறேன்மா" என்று அதே சொற்களையே திரும்பச் சொன்னார்.

விளக்கம் சொல்லாதது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு காரணமும் விவாதத்துக்கு ஒரு கதவைத் திறக்கும். வீட்டு விவாதத்தில் நீங்கள் ஏழு வயதிலிருந்து தோற்றுப் பழகியவர். எல்லை இட்ட தொடக்க வாரங்களில் எதிர்ப்பு முன்பைவிடக் கூடும் என்பதையும் எதிர்பாருங்கள்: அழைப்புகள் பெருகும், இரத்த அழுத்தம் ஏறிய செய்தி வரும், மாமா சமாதானம் பேச வருவார். நோய்ச் செய்தி வந்தால் அருகில் இருக்கும் ஒருவரை அனுப்பி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அதை அலட்சியப்படுத்தவும் வேண்டாம், உடனே பேருந்து ஏறவும் வேண்டாம். மாமாவுக்கு, "இது எனக்கும் அம்மாவுக்கும் உள்ளது மாமா, நாங்களே பார்த்துக்கிறோம்" என்ற ஒரு வரி போதும்.

9. பெற்றோரிடம் பேசுவதா என்பதை இப்போது யோசியுங்கள்

இந்தப் படி கட்டாயம் கிடையாது. பேசாமலே ஆறியவர்கள் பலர். பெற்றோர் காலமான பிறகு தொடங்கி ஆறியவர்களும் உண்டு. உங்கள் பேச்சின் நோக்கம் "அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்" என்பதாக இருந்தால், இன்னும் நேரம் வரவில்லை என்று கொள்ளுங்கள், ஏனெனில் அந்த நோக்கத்தின் சாவி அவர்களிடம் இருக்கிறது. "நடந்ததை நான் ஒருமுறை என் வாயால் சொல்லிவிட வேண்டும்" என்பதாக இருந்தால் பேசலாம்.

பெற்றோரில் ஒருவரிடம் மட்டும், ஒரு நிகழ்ச்சியை மட்டும், ஒரு கோரிக்கையோடு பேசுங்கள். திருமணம், பண்டிகை, திதி போன்ற நாள்களைத் தவிருங்கள். திரும்பி வர வண்டியும், அன்றிரவு தங்க வேறிடமும் உறுதிசெய்த பிறகே போங்கள். "நாங்க என்ன குறை வச்சோம்", "எங்க அப்பன் எங்கள அடிச்சத விடவா", "எனக்கு அப்படி நடந்ததாவே ஞாபகமில்லை" ஆகிய மூன்றில் ஒன்று நிச்சயம் வரும். இரண்டாவதில் உண்மையும் இருக்கும். அவர்களும் அடிபட்டு வளர்ந்த பிள்ளைகளே. அதைக் கேட்டு இரங்கலாம். இரங்கியதற்காக உங்கள் பதிவை அழிக்க வேண்டியதில்லை.

உடல்வன்முறைக்கு வாய்ப்பிருக்கும் வீட்டில் இந்தப் படியை நேரில் செய்யவே கூடாது.

10. கிடைக்காமல் போனதற்குத் துக்கப்பட நேரம் கொடுங்கள்

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, காரணமின்றி ஒரு சோர்வு வரும். எதுவோ தவறாகிவிட்டது என்று பலர் இங்கே கைவிடுகிறார்கள். உண்மையில் இது, அம்மா ஒருநாள் மாறுவார் என்று இத்தனை ஆண்டு காத்திருந்த மனம் அந்தக் காத்திருப்பைக் கீழே வைக்கும் நேரம். தீபாவளி, பொங்கல், தோழியின் வளைகாப்பில் அவள் அம்மா கன்னத்தில் சந்தனம் பூசும் காட்சி, இவற்றின் அருகே அது கனமாக இருக்கும். அந்த நாள்களுக்கு முன்கூட்டியே ஒரு திட்டம் வையுங்கள்: யார் வீட்டில் சாப்பாடு, எத்தனை மணிக்குக் கிளம்புவது, இரவு யாரை அழைப்பது. மன்னிக்க வேண்டுமா என்ற கேள்வியை இந்தப் படியில் தள்ளிப்போடுங்கள். துக்கம் முடியாமல் தரும் மன்னிப்பு ஆறு மாதத்தில் கோபமாகத் திரும்பி வருகிறது.

11. நீங்களே பெற்றோராக இருந்தால்

ஒருநாள் உங்கள் வாயிலிருந்து அப்பாவின் வாக்கியம் அப்படியே வெளிவரும். அதிர்ந்துபோய்க் குழந்தையிடம் அழுது மன்னிப்புக் கேட்காதீர்கள். அது குழந்தையை உங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையில் அமர்த்திவிடும். உங்கள் மூச்சு சீரானதும் அதன் உயரத்துக்குக் குனிந்து, "நான் கத்தினது தப்பு. பால் கொட்டினதுக்கு அவ்வளவு கத்தத் தேவையில்ல. வா, ரெண்டு பேரும் துடைப்போம்" என்று சொல்லித் துணியை எடுங்கள். மூன்றாம் படியில் சொன்ன முடிச்சு இதுதான்.

12. சறுக்கலை எப்படி அளப்பது

பழைய "ஆமாம்" மறுபடி வாயில் வரும். ஆறுவதை, வலிக்கிறதா இல்லையா என்று அளந்தால் எப்போதும் தோல்வியாகவே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டின் முதல் பக்கங்களை எடுத்து, ஓர் அழைப்புக்குப் பிறகு இயல்புக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். எனக்குத் தொடக்கத்தில் இரண்டு நாள் ஆனது. சென்ற மாதம் ஊரிலிருந்து வந்த அழைப்பு ஒன்றுக்குப் பிறகு, சோறு வடித்து முடிக்கும் நேரம் ஆயிற்று.